இறப்பு விகிதம்: ஒரே நோய்க்கு ஏன் இத்தனை எண்கள்?

மாலைவெயில்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு காய்ச்சலைப் பற்றி இரண்டு கட்டுரைகள் படித்தேன். ஒன்றில் "இறப்பு விகிதம் 2 சதவீதம்" என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் "இறப்பு விகிதம் லட்சத்துக்கு 3". நோய் அதே, ஆண்டும் அதே. 2 சதவீதம் என்றால் லட்சத்துக்கு 2,000 வர வேண்டுமே? 2,000 எங்கே, 3 எங்கே! வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். ஒன்றைப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது, மற்றதைப் படித்தால் கவலையே வேண்டாம் போலிருக்கிறது. எதை நம்புவது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

தேன்சிட்டு

இரண்டுமே சரியாக இருக்கலாம். முதல் எண், நோய் வந்தவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது. இரண்டாவது, நோய் வந்தவர் வராதவர் எல்லோரையும் சேர்த்து, ஓர் ஆண்டில் எத்தனை பேர் அந்த நோயால் இறந்தார்கள் என்பது. லட்சம் பேரில் 150 பேருக்குக் காய்ச்சல் வந்து, அவர்களில் 2 சதவீதம் பேர் இறந்தால் 3 பேர். கணக்கு நேராகிவிட்டதா?

நெடுவழி

கணக்கு நேராகிவிட்டது, சரி. ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் படிக்கிறவர் என்ன செய்வார்? இப்படி எழுதுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். பயமுறுத்த நினைத்தால் பெரிய எண், மூடி மறைக்க நினைத்தால் சின்ன எண். புள்ளிவிவரத்தை வைத்து எதையும் நிரூபிக்கலாம் என்று சொல்வது இதனால்தான்.

கணக்குப்பிள்ளை

நெடுவழி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் குற்றம் எண்ணின் மேல் இல்லை, பாதியை மட்டும் எழுதியதில் இருக்கிறது. இறப்பு விகிதம் என்று ஒருவர் சொன்னால் அதில் மூன்று சேதி இருந்தாக வேண்டும்: எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேருக்கு நடுவில், எவ்வளவு காலத்தில். தொகுதி (மேலே நிற்கும் எண்), பகுதி (கீழே நின்று வகுக்கும் எண்), காலம். இதில் பகுதியை விட்டுவிட்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம், குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

சும்மா "இறப்பு விகிதம்" என்று சொன்னால் மக்கள்தொகை படிப்பவர்கள் எடுத்துக்கொள்வது இதைத்தான்: ஓர் ஆண்டில் ஓர் இடத்தில் நடந்த இறப்புகளை அந்த ஆண்டின் நடுவில் அங்கே இருந்த மக்கள்தொகையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்குவது. ஆண்டின் நடுவை எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஜனவரியில் இருந்த கூட்டம் டிசம்பரில் இருக்காது. பிறப்பு, இறப்பு, இடம் மாறுவது எல்லாம் நடந்துகொண்டே இருக்கும். நடு ஆண்டு எண்ணிக்கையை ஒரு சராசரியாக வைத்துக்கொள்கிறோம். உலகம் முழுவதற்கும் இது இப்போது ஆயிரத்துக்குச் சுமார் 8. ஒரே ஒரு நோயால் வரும் இறப்பு என்றால் எண் மிகச் சிறியதாக வரும் என்பதால் லட்சத்துக்கு என்று சொல்வார்கள்.

நோய் வந்தவர்களில் இறந்தவர்களின் பங்கு வேறு சங்கதி. அது நோயின் கொடூரத்தைச் சொல்லும். மக்கள்தொகைக்கான விகிதம், அந்த நோய் சமூகத்தின் மேல் ஏற்றும் சுமையைச் சொல்லும். இரண்டும் எவ்வளவு விலகி நிற்கும் என்பதற்கு ரேபிஸைப் பாருங்கள். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது, ஏறக்குறைய 100 சதவீதம் இறப்பு. ஆனால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 800 கோடிப் பேரில் அது லட்சத்துக்கு ஒன்றுகூட இல்லை. பருவகால இன்ஃபுளூயன்சா நேர் எதிர். வந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் எழுந்து நடமாடிவிடுவார்கள். ஆனால் வருவதோ கோடிக்கணக்கானவர்களுக்கு. அதனால் ஆண்டுக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை அது சார்ந்த சுவாசக் கோளாறுகளால் இறக்கிறார்கள்.

மாலைவெயில், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டு எண்ணுமே நேராகப் பொருந்தாது. நீங்கள் தேட வேண்டியது, அந்த நோய் வந்தவர்களில் 70 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை.

மாலைவெயில்

நன்றி கணக்குப்பிள்ளை ஐயா. ரேபிஸ் உதாரணத்தில் சட்டென்று பிடிபட்டது. ஒரு சந்தேகம். "நோய் வந்தவர்கள்" என்பதை எப்படி எண்ணுகிறார்கள்? லேசாக வந்து போனவர்கள் ஆஸ்பத்திரிக்கே போக மாட்டார்களே.

தேன்சிட்டு

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். சோதனையில் உறுதியானவர்களால் வகுத்தால் ஒரு விடை, தொற்று ஏற்பட்ட எல்லோராலும் வகுத்தால் இன்னொரு விடை. இரண்டாவதுக்கு யாரும் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுக்க முடியாது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று ஒரு மாதிரிக் கூட்டத்தைச் சோதித்து மதிப்பிடுவார்கள். சோதனை குறைவாக நடக்கும் இடத்தில் கடுமையாக நோயுற்றவர்கள் மட்டுமே கணக்கில் ஏறுவதால், நோய் பல மடங்கு கொடியதாகத் தெரியும்.

இதோடு காலத் தாமதமும் உண்டு. 2003-இல் சார்ஸ் பரவியபோது தொடக்க வாரங்களில் இறப்பு 4 சதவீதத்தை ஒட்டியதுதான் என்றார்கள். அன்றைய தேதிவரை இறந்தவர்களை அன்றைய தேதிவரை நோயுற்றவர்களால் வகுத்த கணக்கு அது. ஆனால் நோயுற்றவர்களில் பலர் அப்போதும் படுக்கையில்தான் இருந்தார்கள். அவர்கள் பிழைப்பார்களா இல்லையா என்பது தெரியாது, ஆனாலும் பகுதியில் மட்டும் ஏறிவிட்டார்கள். மே மாதம் உலக சுகாதார நிறுவனம் மதிப்பீட்டை 14, 15 சதவீதம் என்று உயர்த்தியது. எல்லாம் முடிந்த பிறகு 8,096 நோயாளிகள், 774 இறப்புகள், அதாவது சுமார் 9.6 சதவீதம் என்று நின்றது. வைரஸ் திடீரென்று கொடியதாக மாறிவிட்டது என்று அப்போது பலர் பயந்தார்கள். எண் ஏறியதில் பெரும்பங்கு இந்தத் தாமதத்துக்குத்தான்.

பரவல் நடந்துகொண்டிருக்கும்போது வெளிவரும் எந்தச் சதவீதத்தையும் நான் தற்காலிக எண்ணாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இரவுப்பணி

நான் மருத்துவமனையில் நர்ஸ். பேச்சு நோயைச் சுற்றியே போகிறது, மருத்துவமனைகளுக்கும் இதே வம்பு உண்டு. "இந்த மருத்துவமனையில் இறப்பு விகிதம் அதிகம், அங்கே போகாதீர்கள்" என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி வேறு இடங்களில் கைவிரித்து அனுப்பப்பட்டவர்கள். ஏற்கெனவே சிறுநீரகம் நின்று, ரத்த அழுத்தம் விழுந்து, ஆம்புலன்ஸில் குழாயோடு வருவார்கள். அவர்களை அனுப்பிவைத்த இடத்தில் அந்த இறப்பு பதிவாகாது, எங்கள் கணக்கில் ஏறும். அங்கே "இறப்பு விகிதம் மிகக் குறைவு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்று. கடைசி நிலையில் இருப்பவரை வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம் என்று குடும்பத்தார் கேட்பார்கள். வீட்டுக்குப் போய் ஆறு மணி நேரத்தில் உயிர் போயிருக்கும். எங்கள் பதிவேட்டில் அவர் "வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்". இறந்தவராக எண்ணப்படுவதில்லை.

ஏட்டுச்சுவடி

இரவுப்பணி அக்கா சொன்னதைப் படித்ததும் 160 வருடத்துக்கு முந்தைய ஒரு பெரிய சண்டை நினைவுக்கு வந்தது. இந்த இழைக்கு அச்சு அசலாகப் பொருந்தும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1863-இல் மருத்துவமனைகளைப் பற்றிய தன் நூலின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டார். அதில் இங்கிலாந்தின் 106 மருத்துவமனைகளுக்கான ஓர் அட்டவணை உண்டு. கணக்கு வில்லியம் ஃபாருடையது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்த புள்ளியியலாளர் அவர். அந்த அட்டவணையில் லண்டனின் 24 மருத்துவமனைகளின் இறப்பு விகிதம் எவ்வளவு தெரியுமா? 90.84 சதவீதம்!

படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். லண்டனில் ஆஸ்பத்திரிக்குப் போன 10 பேரில் 9 பேர் பிணமாகத்தான் வெளியே வந்தார்களா? அப்படி இல்லை. 1861-ஆம் ஆண்டு முழுவதும் அங்கே நடந்த இறப்புகள் 3,828. அதை 4,214-ஆல் வகுத்தார்கள். அந்த 4,214 யார்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டி ஏப்ரல் 8-ஆம் தேதி, ஒரே ஒரு நாள், படுக்கைகளில் இருந்த நோயாளிகள். தொகுதியில் ஓர் ஆண்டு, பகுதியில் ஒரு நாள்.

மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆண்டு முழுவதும் சேர்க்கப்பட்ட நோயாளிகளால் வகுத்தால் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் வரும் என்று மருத்துவ இதழ்களில் எழுதித் தள்ளினார்கள்.

நெடுவழி

பார்த்தீர்களா? நைட்டிங்கேலே இப்படிச் செய்திருக்கிறார் என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்? அது அப்பட்டமான தவறு. நல்ல நோக்கத்துக்காகச் செய்தாலும் தவறு தவறுதான்.

கணக்குப்பிள்ளை

அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன். ஃபாருடைய கணக்குக்கு ஓர் அர்த்தம் உண்டு. ஏதோ ஒரு நாளில் 4,214 படுக்கைகள் நிறைந்திருந்தால், ஆண்டு முழுவதும் ஏறக்குறைய அதே அளவு நிறைந்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் அந்த ஆண்டில் நோயாளிகள் மருத்துவமனையில் கழித்த மொத்தக் காலம் 4,214 ஆள்-ஆண்டுகள். நிறைந்த ஒவ்வொரு 100 படுக்கைக்கும் ஆண்டுக்குச் சுமார் 91 இறப்பு. நாடு முழுவதற்கும் நாம் கணக்கிடும் விகிதமும் இப்படித்தான்: ஓர் ஆண்டின் இறப்பு, ஒரு நாளின் மக்கள்தொகை. ஃபார் அந்தப் பழக்கத்தை அப்படியே மருத்துவமனைக்குள் கொண்டுபோனார்.

ஆனால் ஒரு நாட்டில் மனிதர்கள் ஆண்டு முழுவதும் இருப்பார்கள், மருத்துவமனையில் சில வாரம்தான். சராசரியாக ஒருவர் 36, 37 நாள் தங்குகிறார் என்று வையுங்கள். ஒரு படுக்கையில் ஆண்டுக்கு 10 பேர் மாறுவார்கள். 100 படுக்கையில் 1,000 பேர். அவர்களில் 91 இறப்பு என்றால் 9 சதவீதம். அதே இறப்புகள், அதே படுக்கைகள். 91-ம் சரி, 9-ம் சரி. முதலாவது காலத்தோடு சேர்ந்த வேகம். அது 100-ஐத் தாண்டிக்கூடப் போகலாம். இரண்டாவது ஒரு மனிதர் உள்ளே போனால் என்ன ஆகும் என்ற வாய்ப்பு. அது 100-ஐத் தாண்ட முடியாது.

தவறு எங்கே என்றால், முதலாவதை "சதவீதம்" என்று போட்டு, இரண்டாவதைப் போலப் படிக்க வைத்ததில்.

ஏட்டுச்சுவடி

ஆமாம், ஆனால் அதோடு நின்றுவிடவில்லை ஐயா. அதே அட்டவணையில் மாவட்டத் தலைநகரங்களும் முக்கிய ஊர்களுமான இடங்களின் 25 மருத்துவமனைகளுக்கு விகிதம் 39.41 மட்டும்: 2,248 நோயாளிகள், 886 இறப்புகள். லண்டனில் பாதியைவிடக் குறைவு. இதை வைத்துத்தான் பெருநகரத்து நெரிசலான மருத்துவமனைகளே ஆளைக் கொல்கின்றன என்று வாதாடினார்கள். எதிர்த்தவர்கள் கேட்டது, சிறிய ஊர் மருத்துவமனையில் நாள்பட்ட நோயாளிகள் மாதக்கணக்கில் படுத்திருப்பார்கள், லண்டனில் விபத்தும் கடும் காய்ச்சலும் வந்து வந்து போகும், அதையும் இதையும் எப்படி ஒப்பிடுவது என்று. இரவுப்பணி அக்கா இன்று சொல்வதும் அதே வாதம்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மருத்துவமனைகளில் காற்றோட்டமும் சுத்தமும் வேண்டும் என்ற நைட்டிங்கேலின் போராட்டத்தை இந்த அட்டவணை பொய்யாக்கிவிடாது. எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் நோயாளிக் கணக்கு வைக்க வேண்டும் என்று முதலில் வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

இரவுப்பணி

அப்படியானால் மருத்துவமனைகளை ஒப்பிடவே முடியாதா? ஒப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிரிவில் கிருமித் தொற்று கூடினால் அது எண்ணில்தான் முதலில் தெரியும். எண்ணே வேண்டாம் என்று விட்டுவிட்டால் நோயாளிதான் பலியாவார்.

தேன்சிட்டு

ஒப்பிடலாம். யாரை யாரோடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் வேலை பார்த்த பிரசவ மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு பிரிவுகள். முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். 1846-இல் முதல் பிரிவில் 4,010 பிரசவங்கள், 459 தாய்மார்கள் இறந்தார்கள், 11.4 சதவீதம். இரண்டாவதில் 3,754 பிரசவங்கள், 105 இறப்புகள், 2.8 சதவீதம்.

இங்கே "எங்களிடம் வருகிறவர்கள் மோசமான நிலையில் வருகிறார்கள்" என்று யாரும் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் வருகிறவர்கள் இந்தப் பிரிவுக்கு, மறுநாள் வருகிறவர்கள் அந்தப் பிரிவுக்கு என்று மாற்றி மாற்றித்தான் சேர்த்தார்கள். எந்தப் பிரிவு என்பதைத் தீர்மானித்தது கிழமைதான். அதனால் அந்த வித்தியாசத்துக்குக் காரணம் பிரிவுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். பிணப்பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் கைகள்தான் காரணம் என்று அவர் கண்டுபிடித்து, 1847 மே மாதம் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18.3 சதவீதமாக இருந்தது ஜூனில் 2.2 ஆனது.

இன்று அப்படி இயற்கையாகவே சமமான இரண்டு கூட்டங்கள் கிடைப்பதில்லை. அதனால் வயது, நோயின் தீவிரம், கூடவே இருக்கும் பிற நோய்கள் எல்லாவற்றையும் வைத்து "இப்படிப்பட்ட நோயாளிகளில் எத்தனை பேர் இறக்கக்கூடும்" என்று ஓர் எதிர்பார்ப்பைக் கணக்கிட்டு, உண்மையில் இறந்தவர்களை அதனால் வகுக்கிறார்கள். 1-க்கு மேல் போனால் எதிர்பார்த்ததைவிட அதிகம். வீட்டுக்கு அனுப்பியதும் இறப்பவர்களை விட்டுவிடாமலிருக்க, எங்கே இறந்தாலும் சரி, சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்தவர்களை எண்ணுவதும் உண்டு. உங்கள் பதிவேட்டு ஓட்டைக்கு அதுதான் அடைப்பு அக்கா.

குமிழி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மேலே உலக இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 8 என்று சொன்னீர்கள். ஆண்டுக்கு ஆயிரத்தில் 8 பேர் என்றால் ஆயிரம் பேரும் இறக்க 125 ஆண்டுகள் ஆகும். அப்படியானால் சராசரி ஆயுள் 125 என்று வருகிறதே? எங்கே இடிக்கிறது?

கணக்குப்பிள்ளை

அருமையான கேள்வி குமிழி. உங்கள் வகுத்தலில் பிழையே இல்லை. பிறப்பும் இறப்பும் சமமாக, வயது அமைப்பு ஆண்டாண்டுக்கும் மாறாமல், யாரும் வெளியே போகாமல் உள்ளே வராமல் இருக்கும் ஒரு கற்பனை நாட்டில் அது அப்படியே பலிக்கும். அங்கே ஆயிரத்தை இறப்பு விகிதத்தால் வகுத்தால் சராசரி ஆயுள்தான். நம் உலகம் அப்படி நிலையாக இல்லை. பல பத்தாண்டுகளாக மக்கள்தொகை பெருகி வந்ததால் இளம் வயதினர் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் இப்போதைக்கு இறக்கப்போவதில்லை. அதனால் விகிதம் தாழ்ந்து தெரிகிறது.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 12-க்கும் மேல். கத்தாரில் 2-க்கும் கீழே. கத்தாரில் வாழ்வது ஆறு மடங்கு பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? சராசரி ஆயுளில் உலகின் முன்வரிசையில் இருப்பது ஜப்பான்தான், சுமார் 84. கத்தாரின் மக்கள்தொகையில் பெரும்பகுதி வேலைக்கு வந்த இளைஞர்கள், அதனால் அந்த எண். ஜப்பானில் பத்தில் மூன்று பேருக்கு 65 வயது கடந்துவிட்டது.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் வயதுவாரியாகப் பிரிப்பது. நானே கைக்கணக்காக ஒன்று போட்டுக் காட்டுகிறேன். இரண்டு நகரங்கள், இரண்டிலும் லட்சம் பேர்.

முதல் நகரத்தில் இளையோர் 90,000, இறப்பு ஆயிரத்துக்கு 1. முதியோர் 10,000, இறப்பு ஆயிரத்துக்கு 40. ஆக 90 + 400 = 490 இறப்பு. விகிதம் ஆயிரத்துக்கு 4.9.

இரண்டாம் நகரத்தில் இளையோர் 60,000, ஆயிரத்துக்கு 0.8. முதியோர் 40,000, ஆயிரத்துக்கு 30. ஆக 48 + 1,200 = 1,248. விகிதம் ஆயிரத்துக்கு சுமார் 12.5.

இரண்டாம் நகரம் இளையோரிலும் மேல், முதியோரிலும் மேல். ஆனால் மொத்தத்தில் இரண்டரை மடங்கு மோசம் என்று எண் சொல்கிறது! இப்போது இரண்டு நகரத்துக்கும் 75 பங்கு இளையோர், 25 பங்கு முதியோர் என்று பொதுவான ஓர் அமைப்பைக் கற்பனை செய்து மறுபடி போடுங்கள். முதல் நகரம் 10.75, இரண்டாவது 8.1. உண்மை முகம் தெரிகிறதா? நாடுகளின் இறப்பு விகிதத்தை ஒப்பிடும் எந்த அட்டவணையிலும் "வயது சீர்செய்யப்பட்டது" என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதவில்லை என்றால் நான் அந்த ஒப்பீட்டை எடுத்துக்கொள்வதில்லை.

குமிழி

75க்கு 25 என்பதை யார் தீர்மானிப்பது? வேறு அமைப்பை வைத்தால் வேறு விடை வராதா?

கணக்குப்பிள்ளை

வரும். அதனால்தான் சீர்செய்யப்பட்ட எண்ணைத் தனியாக எடுத்துக்கொண்டு "இத்தனை பேர் இறந்தார்கள்" என்று சொல்லக் கூடாது. ஒப்பிட மட்டும்தான் அது. சாவடக்கம் செய்ய எத்தனை இடம் வேண்டும், எத்தனை படுக்கை வேண்டும் என்று திட்டமிட வேண்டுமானால் சீர்செய்யாத எண்தான் உதவும்.

மாலைவெயில்

குழந்தை இறப்பு விகிதமும் இதே மாதிரிதானா? அதையும் ஆயிரத்துக்கு என்றுதான் சொல்கிறார்கள். ஆயிரம் குழந்தைகளுக்கா, ஆயிரம் மக்களுக்கா?

தேன்சிட்டு

உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு. முதல் பிறந்தநாளுக்கு முன் இறப்பவர்களை எண்ணுவது அது. முதல் 28 நாளுக்குள் இறப்பது பச்சிளங்குழந்தை இறப்பு, தனியாகக் கணக்கிடுவார்கள். காரணங்கள் வேறு: குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், தொற்று. ஐந்து வயதுக்குள் என்பது இன்னொன்று. உலக அளவில் ஐந்து வயதுக்குள் இறப்பு 1990-இல் ஆயிரத்துக்கு 93, 2022-இல் 37. மனித இனம் சாதித்தவற்றில் இதைவிடப் பெரியதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இருந்தாலும் 2022-இல் மட்டும் 49 லட்சம் குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டவில்லை.

மகப்பேற்றில் தாய் இறப்பதை ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு என்று சொல்வார்கள். கர்ப்பத்தின்போதோ, கர்ப்பம் முடிந்த 42 நாளுக்குள்ளோ, அது சார்ந்த காரணத்தால் இறந்தால் இதில் சேரும். விபத்து சேராது. கவனித்தீர்களா, தொகுதியில் தாய்மார்கள், பகுதியில் குழந்தைகள். கர்ப்பிணிகள் எல்லோரையும் எண்ண வழியில்லை, பிறப்புகள் பதிவாகின்றன, அதனால் இந்த ஏற்பாடு.

நெடுவழி

பதிவானால்தானே! பிறந்து ஒரு மணி நேரத்தில் இறந்த குழந்தையை "இறந்தே பிறந்தது" என்று எழுதிவிட்டால் விகிதம் குறைந்துவிடும். மரணச் சான்றிதழே வாங்காத இடங்கள் உலகில் எத்தனை! நீங்கள் எல்லோரும் பகுதியைப் பற்றியே பேசுகிறீர்கள். தொகுதியே ஓட்டையாக இருந்தால்?

கணக்குப்பிள்ளை

இந்த இழையின் மிக முக்கியமான கேள்வி இது, நெடுவழி. பிறந்தபின் மூச்சோ, இதயத் துடிப்போ, தசை அசைவோ ஏதாவது ஒன்று இருந்தாலே உயிருள்ள பிறப்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நடைமுறையில் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அதனால் குழந்தை இறப்பில் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தை வைத்து நாடுகளை வரிசைப்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

தொகுதி ஓட்டையானால் சுற்றிவந்து பிடிக்கவும் ஒரு வழி உண்டு. வழக்கமான ஆண்டுகளில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று பார்த்து, இந்த ஆண்டு எந்தக் காரணமானாலும் சரி, அதற்கு மேல் எத்தனை பேர் என்று கழிப்பது. கூடுதல் இறப்பு என்பார்கள். 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் கொரோனா இறப்புகளாக உலக நாடுகள் அறிவித்தவை சுமார் 54 லட்சம். உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்ட கூடுதல் இறப்பு சுமார் 1.49 கோடி. கொரோனாவால் இறந்தும் அப்படிப் பதிவாகாதவர்களும், மருத்துவமனைகள் நிரம்பியதால் மாரடைப்புக்குச் சிகிச்சை கிடைக்காமல் போனவர்களும் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். இதற்கும் மொத்த இறப்பாவது ஒழுங்காகப் பதிவாக வேண்டும். பல நாடுகளில் அதுவும் இல்லாததால் கணித மாதிரியை வைத்துப் போட்ட மதிப்பீட்டில்தான் அந்த 1.49 கோடியே வந்தது.

நெடுவழி

இதை ஏற்றுக்கொள்கிறேன். காரணத்தை மாற்றி எழுதலாம், உடலை மறைப்பது கடினம்.

இரவுப்பணி

ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், புற்றுநோய் நோயாளிகளின் குடும்பத்தார் அடிக்கடி கேட்பது. "ஐந்தாண்டு உயிர்வாழ்வு 90 சதவீதம்" என்றால் இறப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

தேன்சிட்டு

கட்டாயம் இல்லை அக்கா. உயிர்வாழ்வுக் கணக்கு, நோய் கண்டுபிடித்த நாளில் தொடங்குகிறது. 70 வயதில் இறக்கப்போகிறவருக்கு 67-இல் கண்டுபிடித்தால் மூன்றாண்டு, 63-இல் கண்டுபிடித்தால் ஏழாண்டு. இரண்டிலும் இறந்தது 70-இல்தான். தென் கொரியாவில் தைராய்டு புற்றுநோய்க்கு ஸ்கேன் சோதனை பரவலானதும், கண்டறியப்பட்டவர்கள் 1993-க்கும் 2011-க்கும் இடையில் 15 மடங்கு கூடினார்கள். உயிர்வாழ்வு சதவீதம் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் மக்கள்தொகையில் அந்தப் புற்றுநோயால் இறந்தவர்களின் விகிதம் அசையவே இல்லை. ஒருபோதும் தொல்லை தந்திருக்காத சின்னக் கட்டிகளைக் கண்டுபிடித்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். சோதனை பலன் தந்ததா என்று தெரிய வேண்டுமானால் லட்சம் பேருக்கு எத்தனை இறப்பு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு யாரும் சோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சோதனை வந்த நாடுகளில் இறப்பு விகிதமே இறங்கியிருக்கிறது.

மாலைவெயில்

காய்ச்சலில் தொடங்கி எங்கேயோ வந்துவிட்டோம். ஒரு கடைசிச் சந்தேகம். ஒரு சிற்றூரில் "குழந்தை இறப்பு விகிதம் ஒரே ஆண்டில் இரட்டிப்பு" என்று செய்தி. உள்ளே படித்தால் போன ஆண்டு 2 குழந்தைகள், இந்த ஆண்டு 4. ஆண்டுக்கு 160 பிறப்பு. ஆயிரத்துக்கு 12.5 இருந்தது 25 ஆகிவிட்டது. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

கணக்குப்பிள்ளை

சரி. ஆனால் அந்த ஊரில் எதுவுமே மாறாமல், நீண்டகாலச் சராசரி ஆண்டுக்கு 3 என்றே இருந்தாலும், தற்செயலாகவே மூன்றில் ஓர் ஆண்டுக்கு 4 அல்லது அதற்கு மேல் வரும். 2 வந்த ஆண்டும் அப்படித்தான். இவ்வளவு சிறிய இடத்துக்கு ஓர் ஆண்டு விகிதத்தைப் போடவே கூடாது. ஐந்தாண்டு சேர்த்து 800 பிறப்புக்குப் போடலாம், அல்லது சுற்றியுள்ள ஊர்களோடு சேர்த்துப் போடலாம்.

இரவுப்பணி

ஐயா, அதைக் கேட்டுவிட்டு "தற்செயல்தான்" என்று அந்த ஊரை விட்டுவிடக் கூடாது. விகிதம் பேசாத இடத்தில் ஒவ்வொரு இறப்பையும் தனித்தனியாக எடுத்து விசாரிக்க வேண்டும். நான்கு குழந்தைகளும் எந்த வாரத்தில் பிறந்தன, எடை என்ன, பிறந்து எத்தனை மணி நேரத்தில் இறந்தன, வலி எடுத்ததிலிருந்து மருத்துவமனை சேர எவ்வளவு நேரம் ஆனது, அங்கே பிராணவாயு இருந்ததா. நான்கில் மூன்று குழந்தைகள் ஒரே காரணத்தால் போயிருந்தால் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை

முழுக்க ஒத்துக்கொள்கிறேன் அக்கா. மாலைவெயில், செய்தி எழுதியவருக்கு எழுதிப் போடுவதானால் இரவுப்பணி கேட்ட கேள்விகளையே கேளுங்கள். கூடவே முந்தைய நான்கு ஆண்டுகளின் பிறப்பு, இறப்பு எண்ணிக்கையையும் கேளுங்கள். கிடைத்தால் இங்கே போடுங்கள், சேர்ந்து கணக்குப் பார்க்கலாம்.